டயலாக்கில் எழுத்து தெரியவில்லையா? நிறத்தை மாற்றுவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆண்ட்ராய்டு செயலியில் ‘இதை அழிக்கவா?’ என்று கேட்டுத் திரையில் எழும் சிறு பெட்டி, அதாவது டயலாக், உங்கள் போனில் ஒழுங்காகத் தெரிகிறது. பயனர்கள் சிலரோ, எழுத்தே இல்லாத வெள்ளைப் பெட்டியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். எழுத்தைக் கறுப்பாக்கிப் புதிய பதிப்பு விட்டீர்கள், அது சரியானது. அதே கறுப்பைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் டயலாக்குக்கும் போட்டதும், அங்கே கருஞ்சாம்பல் பெட்டியில் கறுப்பு எழுத்து வந்து நிற்கிறது. ‘எந்த நிறம் வைத்தால் எல்லாப் போனிலும் தெரியும்?’ என்று கேட்கிறீர்கள்.

அப்படி ஒரு நிறம் கிடையாது. ஏன் என்பதைக் கணக்காகவே காட்டலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அளக்க இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளில் ஒரு விகிதம் உண்டு. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21:1, ஒரே நிறமானால் 1:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். இரண்டு பக்கமும் தாக்குப்பிடிக்கட்டும் என்று #767676 என்ற நடுச்சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் மேல் 4.54, முழுக்கறுப்பின் மேல் 4.62. இரண்டிலும் தேறிவிடுகிறது. ஆனால் ஆப்காம்பாட் என்ற, பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளிலும் புதிய தோற்றம் தரும் நூலகத்தின் இருண்ட டயலாக் முழுக்கறுப்பு அல்ல, #424242. அதன் மேல் இதே சாம்பல் 2.2தான் தருகிறது. ஆகவே எழுத்து நிறத்தைத் தனியாகத் தேடிப் பயனில்லை. எழுத்தும் பின்னணியும் ஒரு ஜோடி. அந்த ஜோடியில் ஒன்று தீமிலிருந்தும் (செயலி முழுவதற்கும் நிறங்களைச் சொல்லும் தொகுப்பு) மற்றது நீங்கள் கையால் எழுதிய எண்ணிலிருந்தும் வந்தால், ஏதோ ஒரு போனில் இரண்டும் மோதத்தான் செய்யும்.

உங்கள் விவரத்திலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது முதல் கோளாறைத்தான். வெள்ளைப் பெட்டியில் எழுத்து மறைகிறது, கறுப்பாக்கினால் சரியாகிறது என்றால், அந்தப் பயனர்கள் டார்க் மோடில் இருக்கிறார்கள். உங்கள் தீமின் தாய், அதாவது அது பண்புகளை வாங்கிக்கொள்ளும் அடிப்படைத் தீம், பகல்-இரவுக்கு ஏற்ப மாறும் ‘டே நைட்’ வகை. இரவு வந்ததும் எழுத்து நிறம் தானாக வெள்ளையாகிவிடுகிறது. ஆனால் அந்த டயலாக்குக்கு நீங்கள் எழுதிய லேஅவுட்டில் (திரை அமைப்புக் கோப்பில்) பின்னணி ‘வெள்ளை’ என்று நிலையாக இருக்கிறது. எழுத்து மாறியது, பெட்டி மாறவில்லை. இரண்டாவது டயலாக்குக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கலாம். உங்கள் நிரலை (கோட்) பார்க்காமல் இன்னதுதான் என்று அடித்துச் சொல்வது சரியாகாது, ஆனால் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்ல முடியும்.

இனி வரும் தீம் பண்புகளின் பெயர்களைப் படிக்க வசதியாகப் பிரித்து எழுதுகிறேன். கோடில் அவை சேர்ந்தே இருக்கும்.

முதலில் கோளாறை உங்கள் மேசையிலேயே வரவழையுங்கள். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிப் போனில்) டார்க் மோடை மாற்றிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். செயலிக்குள்ளேயே ‘இருண்ட தோற்றம்’ என்று தனியாக ஒரு பொத்தான் வைத்திருந்தால் நான்கு நிலைகள் உண்டு: போனும் செயலியும் வெளிச்சம், இரண்டும் இருட்டு, போன் இருட்டு செயலி வெளிச்சம், போன் வெளிச்சம் செயலி இருட்டு. முதல் இரண்டில் எல்லாம் சரியாக இருந்து, குறுக்கே மாறும் கடைசி இரண்டில் மட்டும் எழுத்து மறைந்தால், அநேகமாக எங்கோ ஆக்டிவிட்டியின் (ஒரு திரையின்) கான்டெக்ஸ்டுக்குப் பதிலாக, செயலி முழுவதற்குமான அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டைக் கொடுத்திருக்கிறீர்கள். எந்தத் தீமையும் அமைப்பையும் படிக்க வேண்டும் என்று ஒரு கூறுக்குச் சொல்வதுதான் கான்டெக்ஸ்ட். ஆப்காம்பாட் வழியாக நீங்கள் மாற்றும் இரவு நிலை ஆக்டிவிட்டிக்குத்தான் போய்ச் சேரும். அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் போனின் நிலையைத்தான் பார்க்கும். அதை வைத்து ஒரு நிறத்தை எடுத்தால் போனுக்கு ஏற்ற நிறம் வரும், செயலிக்கு ஏற்றது வராது.

இந்தக் கான்டெக்ஸ்ட் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் பட்டியல் டயலாக்குகளில் இதுதான் அடிக்கடி ஒளிந்திருக்கிறது. டயலாக்கையே அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டில் திறந்தால் பெரும்பாலும் செயலி உடனே விழுந்துவிடும், தவறு தெரிந்துவிடும். ஆனால் பட்டியலின் வரிசைகளை உருவாக்கும் அடாப்டரையோ, உள்ளே வைக்கும் லேஅவுட்டை விரிக்கும் இன்ஃப்ளேட்டரையோ அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டில் உருவாக்கினால் எதுவும் விழாது. வரிசைகள் வரும், தொட்டால் வேலை செய்யும், நிறம் மட்டும் வேறு தீமிலிருந்து வரும். ஆக்டிவிட்டி கான்டெக்ஸ்டைக் கொடுத்தாலும் முழுத் தீர்வு இல்லை. டயலாக்குக்கு என்று தனித் தீம் இருந்தால் அது ஆக்டிவிட்டிக்குத் தெரியாது. சரியான வழி, டயலாக்கைக் கட்டும் பில்டரை முதலில் உருவாக்கி, அந்தப் பில்டரிடமே கான்டெக்ஸ்டைக் கேட்டு வாங்கி, அதைக் கொண்டு லேஅவுட்டையும் அடாப்டரையும் உருவாக்குவது. அந்தக் கான்டெக்ஸ்டில் டயலாக்கின் தீம் ஏற்கெனவே போர்த்தப்பட்டிருக்கும். டயலாக்குக்குள் ஸ்பின்னர் (கீழ்விரி பட்டியல்) வைத்திருந்தால் அதன் அடாப்டருக்கும் இதே விதி.

அடுத்து, தீம் உண்மையிலேயே டயலாக்கை எட்டுகிறதா என்று பாருங்கள். டயலாக் தீமில் ‘டெக்ஸ்ட் கலர் பிரைமரி’யைத் தற்காலிகமாகப் பளிச்சென்ற சிவப்பாக்கி ஓட்டுங்கள். வாசகம் சிவந்தால் தீம் எட்டுகிறது, பின்னணிதான் வேறெங்கிருந்தோ வருகிறது. சிவக்காவிட்டால் ஒன்று, அந்த எழுத்துக்கு வேறு யாரோ நிறம் கொடுக்கிறார்கள். அல்லது நீங்கள் திருத்திய தீமை அந்த டயலாக் படிப்பதே இல்லை.

இந்த இரண்டாவது வகை பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும். ஆண்ட்ராய்டில் அலர்ட் டயலாக் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. இயங்குதளத்தோடு வரும் அலர்ட் டயலாக், ‘ஆண்ட்ராய்டு’ முன்னொட்டுடன் கூடிய ‘அலர்ட் டயலாக் தீம்’ பண்பைப் படிக்கும். ஆப்காம்பாட்டின் அலர்ட் டயலாக், முன்னொட்டு இல்லாத அதே பெயரைப் படிக்கும். கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு நூலகத்தின் பில்டர், ‘மெட்டீரியல் அலர்ட் டயலாக் தீம்’ என்ற மூன்றாவது ஒன்றைப் படிக்கும். கோப்பின் தலையில், எந்த நூலகத்தின் கூறு என்று சொல்லும் இம்போர்ட் வரியைப் பார்த்தால்தான் எது என்று தெரியும், ஏனென்றால் எடிட்டர் தானாக நிரப்பும்போது முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்துவிடுவது சகஜம். ஒரே செயலியில் ஒரு திரை ஒன்றையும் இன்னொரு திரை மற்றொன்றையும் பயன்படுத்தினால், ஒரு டயலாக் சரியாகி மற்றது கெட்டே இருக்கும். உங்கள் இரண்டு டயலாக்குகளின் இம்போர்ட் வரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் விவரத்துக்கு இது பொருந்தக்கூடிய வலுவான சந்தேகம். எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு நிறத்தைத் தொடுங்கள்.

தீமின் தாய் ‘டிவைஸ் டிஃபால்ட்’ குடும்பத்தைச் சேர்ந்ததா என்பதையும் கவனியுங்கள். அந்தக் குடும்பத்தின் நிறங்களைப் போன் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி மாற்றலாம். ‘என் போனில் சரி, அவர் போனில் இல்லை’ என்பதற்கு டார்க் மோடுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

டயலாக்கில் எந்தப் பகுதி மறைகிறது என்பதும் ஒரு துப்பு. தலைப்பு மட்டும் மறைந்தால் ‘விண்டோ டைட்டில் ஸ்டைல்’ பக்கம் போங்கள். உள்ளீட்டுப் பெட்டியில் தட்டிய எழுத்து மறைந்தால் ‘எடிட் டெக்ஸ்ட் கலர்’, அதன் மங்கலான குறிப்பு வாசகம் மறைந்தால் ‘டெக்ஸ்ட் கலர் ஹின்ட்’. பட்டியல் வரிசைகளுக்கு ‘டெக்ஸ்ட் கலர் அலர்ட் டயலாக் லிஸ்ட் ஐட்டம்’ என்று தனிப் பண்பே இருக்கிறது. வாசகம் தெரிகிறது, கீழே உள்ள ‘சரி’, ‘ரத்து’ பொத்தான்கள் மட்டும் தெரியவில்லை என்றால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: ஆப்காம்பாட்டில் அவை ‘கலர் ஆக்ஸென்ட்’, மெட்டீரியலில் ‘கலர் பிரைமரி’. அந்த நிறத்தை வெளிச்சத் தீமுக்காக மட்டும் தேர்ந்திருப்பீர்கள். பல மாதிரித் திட்டங்களில் வந்த பழைய ஊதாவை (சிவப்பு 98, பச்சை 0, நீலம் 238) எடுத்துக்கொண்டால் வெள்ளையின் மேல் 7.6 என்று பிரமாதமாக இருக்கும், #424242 மேல் 1.3தான். பொத்தான் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படும் வெளிர் ஊதா (187, 134, 252) #121212 மேல் 7.1 தருகிறது, #424242 மேல் 3.8க்கு இறங்கிவிடுகிறது. வெளிர் நிறம் என்றாலே இருட்டில் தேறிவிடும் என்று நினைக்காமல் உங்கள் பெட்டியின் உண்மையான நிறத்தோடு அளந்து பாருங்கள்.

தீம் எட்டியும் எழுத்து கேட்கவில்லை என்றால், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று தேட வேண்டும். நிறம் கிடைக்கும் வரிசை இது: லேஅவுட்டில் நேரடியாக எழுதியது முதலில், பிறகு அந்தப் பகுதிக்குக் கொடுத்த ஸ்டைல், பிறகு அந்த வகைக் கூறுக்குரிய பொது ஸ்டைல், கடைசியில் தீம். கோடில் ஓடும்போது வைத்த நிறம் இவை எல்லாவற்றையும் மீறும். அதையும் மீறுவது ஸ்பான், அதாவது வாசகத்தோடேயே ஒட்டிவரும் வடிவக்குறி. சர்வரிலிருந்து வரும் வாசகத்தை எச்டிஎம்எல் ஆக்கிக் காட்டுகிறீர்கள், அதற்குள் எழுத்து நிறம் கறுப்பு என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், தீமில் என்ன செய்தாலும் அது கறுப்பாகவே இருக்கும். அந்த நிறக் குறியை நீக்கிவிட்டுக் காட்டுவதே வழி.

தீமுக்குள்ளேயே செய்யும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, ‘ஆண்ட்ராய்டு டெக்ஸ்ட் கலர்’ என்பதைத் தீமில் நேரடியாக எழுதுவது. மற்றது, ‘ஆண்ட்ராய்டு பேக்கிரவுண்ட்’ என்பதை எழுதுவது. இரண்டும் தனித்தனிக் கூறுகளுக்கான பண்புகள். தீமில் வைத்தால் வேறு மதிப்பு இல்லாத ஒவ்வொரு கூறும் அதை எடுத்துக்கொள்ளும். வாசகத்துக்குப் பின்னால் தனிப் பட்டை, தலைப்புக்குப் பின்னால் தனிப் பட்டை என்று டயலாக் ஒட்டுப்போட்ட துணி போலத் தெரிந்தால் இரண்டாவது தவறு என்று உடனே சொல்லிவிடலாம். தீமில் எழுத்துக்கு ‘டெக்ஸ்ட் கலர் பிரைமரி’, பெட்டிக்கு ‘கலர் பேக்கிரவுண்ட் ஃப்ளோட்டிங்’ அல்லது ‘கலர் சர்ஃபேஸ்’ என்று போக வேண்டும்.

கோடில் நிறம் வைப்பவர்கள் சறுக்கும் இரண்டு இடங்கள் இன்னும் விசித்திரமானவை, ஏனென்றால் எழுத்து தவறான நிறத்தில் வராமல் மங்கியோ முழுக்க மறைந்தோ போகும். நிறத்தின் மதிப்பைக் கேட்கும் இடத்தில் நிறக் கோப்பின் அடையாள எண்ணைக் கொடுத்துவிடுவது முதலாவது. செயலியின் அடையாள எண்கள் 7எஃப் என்று தொடங்கும். நிறமாகப் படிக்கும்போது அந்த முதல் இரண்டு இலக்கமும் ஒளிபுகாமையின் அளவு, அதாவது 255க்கு 127. மீதி இலக்கங்கள் பெரும்பாலும் சிறியவை. விளைவு, பாதி ஊடுருவும் கருமை. வெள்ளைப் பெட்டியில் வெளிறிய சாம்பலாகத் தெரியும், இருண்ட பெட்டியில் தெரியவே தெரியாது. நிரலைச் சோதிக்கும் லின்ட் கருவி இதைச் சுட்டிக்காட்டும், அதை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டாவது, 333333 போல ஆறு இலக்கத்தை மட்டும் பதினாறடிமான எண்ணாகக் கொடுப்பது. ஒளிபுகாமைக்கு உரிய முதல் இரண்டு இலக்கம் இல்லாததால் அது பூஜ்யமாகி எழுத்து முழுக்க ஊடுருவிவிடும். முன்னால் இரண்டு ‘எஃப்’ சேர்க்க வேண்டும். திரைகளை உருவாக்கும் வேறு கருவிகளான ஃப்ளட்டரிலும் காம்போஸிலும்கூட இதே தவறு இதே விளைவைத் தரும்.

பொத்தான் நிறத்தைக் கோடில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வரி: டயலாக்கைக் காட்டிய பிறகுதான் பொத்தான் கைக்குக் கிடைக்கும், அதற்கு முன் கேட்டால் வெறுமைதான் வரும்.

இனித் திருத்தம். உங்கள் லேஅவுட்டிலிருந்து நிலையான வெள்ளையை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குப் பின்னணியே தேவையில்லை, டயலாக் தானே வரைந்துகொள்ளும். எழுத்துக்குப் போட்ட கறுப்பையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே பல செயலிகளில் கோளாறு தீர்ந்துவிடும், புதிதாக ஒரு நிறமும் எழுத வேண்டியதில்லை. உங்கள் செயலிக்கென்று தனி நிறம் வேண்டும் என்றால் ‘தீம் ஓவர்லே’ குடும்பத்திலிருந்து ஒரு தாயை எடுத்து டயலாக் தீமை எழுதுங்கள். ஆப்காம்பாட்டுக்கு ‘தீம் ஓவர்லே ஆப்காம்பாட் டயலாக் அலர்ட்’, மெட்டீரியல் 3க்கு ‘தீம் ஓவர்லே மெட்டீரியல்3 மெட்டீரியல் அலர்ட் டயலாக்’. ஓவர்லே என்பது ஆக்டிவிட்டியின் தீமுக்கு மேல் மெல்லிதாகப் போர்த்துவது. நீங்கள் எழுதிய பண்புகள் மட்டும் மாறும், மற்றவை கீழிருந்து வரும். முழுத் தீம் ஒன்றைத் தாயாக வைத்தால் கீழே இருப்பதை எல்லாம் அழித்து எழுதிவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த, சுவர்ப்படத்திலிருந்து எடுக்கும் நிறங்களைப் பயன்படுத்தும் செயலிகளில் டயலாக் மட்டும் தனி நிறத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஓவர்லேயில் ஒரு நிறத்தை எழுதினால் அதன் ஜோடியையும் அங்கேயே எழுதுங்கள்: ‘கலர் சர்ஃபேஸ்’ எழுதினால் ‘கலர் ஆன் சர்ஃபேஸ்’. இரண்டுக்கும் வேல்யூஸ் கோப்புறையில் ஒரு மதிப்பு, வேல்யூஸ்-நைட் கோப்புறையில் ஒரு மதிப்பு. ஒன்றுக்கு இரவு மதிப்பு கொடுத்து மற்றதற்கு மறந்துவிடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது, இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து வரிக்கு வரி சரிபாருங்கள். மெட்டீரியல் பில்டர் பின்னணியைத் தானே வரைவதால், அங்கே விண்டோ பேக்கிரவுண்டில் நிறம் எழுதிப் பயன் இல்லை. மெட்டீரியல் 3இன் புதிய பதிப்புகளில் பெட்டியின் நிறம் ‘கலர் சர்ஃபேஸ் கன்டெய்னர் ஹை’ என்பதிலிருந்து வருகிறது, ‘கலர் சர்ஃபேஸ்’ஐ மாற்றியும் பெட்டி அசையவில்லை என்றால் அதைப் பாருங்கள்.

செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில், ஆக்டிவிட்டி தானே கையாளும் மாற்றங்களின் பட்டியலில் ‘யுஐ மோட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், செயலி திறந்திருக்கும்போதே போன் இருட்டுக்கு மாறினாலும் ஆக்டிவிட்டி புதிதாக உருவாகாது. பழைய நிறங்களும் புதிய நிறங்களும் கலந்து நிற்கும். ‘சில சமயம் மட்டும் வருகிறது, மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது’ என்ற புகாருக்கு இது நல்ல விளக்கம்.

உங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, வெளிச்சத் தீம் மட்டும் உள்ள செயலியை இயங்குதளமே இருட்டாக்கும் வசதி வந்தது. வந்தபோது அது செயலி அனுமதித்தால்தான் இயங்கியது, அல்லது பயனர் டெவலப்பர் அமைப்புகளில் வலிந்து இயக்க வேண்டியிருந்தது. சில தயாரிப்பாளர்கள் இதைத் தங்கள் அமைப்புகளில் தனியாகவும் வைத்திருக்கிறார்கள். ‘ஃபோர்ஸ் டார்க் அலவ்டு’ என்பதை மறுத்து எழுதலாம். இயங்குதளத்தின் அந்த வசதிக்கு அது பொருந்தும், தயாரிப்பாளர் சேர்த்ததும் அதை மதிக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. டார்க் மோடை முறையாக ஆதரிப்பதுதான் இதற்கு எதிரான நல்ல காப்பு.

காம்போஸில் எழுதுகிறவர்களுக்குக் கோளாறின் இடம் வேறு. வெறும் டயலாக்கைத் திறந்து அதற்குள் சர்ஃபேஸ் (பின்னணியையும் அதற்கேற்ற எழுத்து நிறத்தையும் தரும் கூறு) இல்லாமல், கூறுகளை மேலிருந்து கீழாக அடுக்கும் ‘காலம்’ ஒன்றை வைத்துப் பின்னணி நிறம் கொடுத்தால், எழுத்து நிறத்தை யாரும் சொல்லவில்லை. அப்போது, வெளியே சுற்றியும் சர்ஃபேஸ் இல்லையென்றால், தானாகக் கிடைப்பது கறுப்பு. சர்ஃபேஸுக்குள் வைத்தால் அதுவே ஜோடி நிறத்தைத் தேர்ந்துகொள்ளும், ஆனால் நீங்கள் கொடுக்கும் பின்னணி, தீமின் நிறப்பட்டியலில் உள்ளதாக இருந்தால்தான். சொந்தமாக ஒரு நிறம் கொடுத்தால் எழுத்து நிறத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஐஓஎஸ்ஸில் செயலி முழுவதற்குமாக, எழுத்தைக் காட்டும் கூறான யுஐலேபலின் பொதுத் தோற்றத்தில் எழுத்து நிறம் வைத்தால் அது எச்சரிக்கைப் பெட்டிக்குள்ளும் கசியும். ஐஓஎஸ் 13 முதல் உள்ள ‘லேபல்’ போன்ற பொருள்சார் நிறங்களைத் திரைக்குத் திரை பயன்படுத்தினால் அந்தக் கசிவு இல்லை.

திருத்திய பிறகு சரிபார்க்க, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் லேஅவுட் இன்ஸ்பெக்டரைத் திறந்து டயலாக்கின் எழுத்தைத் தொடுங்கள். டயலாக் தனிச் சாளரம் என்பதால் மரத்தில் தனி வேராக இருக்கும், ஆக்டிவிட்டிக்குள் தேடாதீர்கள். எழுத்து நிறம் எந்த ஸ்டைலிலிருந்து வந்தது என்று பண்புகளின் பட்டியலில் விரித்துப் பார்க்கலாம். கூகுளின் அக்சஸிபிலிட்டி ஸ்கேனரை அதே திரையில் ஓட்டினால் விகிதம் குறைந்த இடங்களைக் கோடிட்டுக் காட்டும். முடக்கப்பட்ட பொத்தான் மங்கலாக இருப்பதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். விகித விதி அதற்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே முடக்கப்பட்டிருக்க வேண்டிய பொத்தான்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பட்டியல் டயலாக் அடங்கவில்லை என்றால் மூன்று தகவல்களை எழுதுங்கள்: அந்தக் கோப்பின் அலர்ட் டயலாக் இம்போர்ட் வரி, செயலித் தீமின் தாய் பெயர், சிவப்பு நிறச் சோதனையில் வரிசைகள் சிவந்தனவா இல்லையா என்பது. அடாப்டரை எந்தக் கான்டெக்ஸ்டில் உருவாக்கினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்பினால் மேலே சொன்ன காரணங்களில் எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.